கியர் உள்ள வண்டியே உயர்ந்தது

1

வள்ளிநாயகம் காலை ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். கிணற்றில் ஆறு வாளி இறைத்துக் குளித்தான். கடுங்காப்பி போட்டுக் குடித்தான். வேட்டி, சட்டை, மேல்துண்டு. கதவைப் பூட்டினான். காரின் முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினான். நான்காவது சுற்றில் என்ஜின் பிடித்தது. முதல் கியர், இரண்டாவது கியர். தோவாளைச் சந்தையிலிருந்து பூக்கூடைகளோடு வரும் மாட்டுவண்டிகளைத் தாண்டியதும் மூன்றாவது. அப்போது சீட்டுக்கு அடியில் கையைவிட்டு ஒரு முழக் கயிற்றை எடுத்தான். ஒரு முனைச் சுருக்கைக் கியர்க் கம்பியில் போட்டு, மறுமுனையை டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த கொக்கியில் மாட்டினான். மாட்டாவிட்டால் மூன்றாவது கியர் தானாகக் கழன்றுவிடும். நாகர்கோவில் எல்லையில் கயிற்றைக் கழற்றினான். கல்லூரிக்குள் நுழைந்து, பையன்களுக்கு நியூட்டனின் விதிகளைச் சொல்லிக்கொடுத்தான்.

[இரண்டு தம்ளர் காப்பி போட்டு, ஒன்றை வாசலில் கொட்டினான் என்று முதலில் எழுதியிருந்தேன். மனைவியை இழந்தவன் என்றால் வாசகர் அதைத்தான் எதிர்பார்ப்பார். அவன் கொட்டவில்லை. இரண்டையும் குடித்தான்.]

2

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானாக எழுத வரவில்லை. நாகர்கோவிலில் அச்சகம் வைத்து மாதப் பத்திரிகை நடத்தும் சுயம்புலிங்கம் கேட்டார்.

“வாறவன் எல்லாம் எல்லையைப் பத்தியே எழுதிக் கொண்டாறான். நாம மெட்ராஸோடயா, மலையாளத்தோடயான்னு பன்னெண்டு கட்டுரை கெடக்கு. நீரு கியரைப் பத்தி எழுதும் வே.”

“கியரைப் பற்றியா?”

“வாசகசாலையில ஒருநாள் பேசினீருல்லா? கியர் உள்ள வண்டி உசத்தியா, கியர் போடாத வண்டி உசத்தியான்னு? அதையே கதையா, சிரிப்பா. ஆறு பக்கம். முடிவு மட்டும் சுபமா இருக்கட்டும்.”

1956-இல் ஒரு சீமையே எந்தப் பக்கம் போவது என்று கொதித்துக்கொண்டிருக்க, மனிதனின் இடது கால் சும்மா இருக்கலாமா கூடாதா என்று ஆறு பக்கம். நான் சரி என்றேன். எனக்கு இப்போது எதைக் கேட்டாலும் சரிதான்.

(வள்ளிநாயகம் நான்தான். ‘அவன்’ என்று எழுதினால் எழுத முடிகிறது. வேறு தந்திரம் இல்லை.)

3

கைவிட்ட தொடக்கங்கள்:

“மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள் முதலாக” — சக்கரம் கண்டுபிடித்தவனுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

“வண்டிகள் இரு வகைப்படும். அவையாவன” — பரீட்சைத் தாள்.

“உலகம்மைக்கு வலி எடுத்தபோது வாசலில் இரண்டு கார்கள் நின்றன. அவன்” — இது சிரிப்புக்கு ஆகாது. ஆனால் கதை இதுதான்.

4

முதலில் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தோவாளையில் நெல் மில் வைத்திருந்த பகவதியப்பன், ஊருக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவரிடமிருந்து ஒரு அமெரிக்கக் காரை வாங்கினார். அதில் கிளச் கிடையாது. கியரைக் கார் தானே மாற்றிக்கொள்ளும். மிதிக்க இரண்டே கட்டைகள்: ஒன்று போக, ஒன்று நிற்க. ஊரில் பாதிப்பேர் அதைப் பார்க்கவே மில்லுக்குப் போனார்கள். நெல் கொண்டுபோனவர்கள் குறைவு.

வள்ளிநாயகத்திடம் இருந்தது பழைய இங்கிலீஷ் கார். மூன்று கியர். மூன்றாவது நிற்காது. உள்ளே ஒரு ஸ்பிரிங் போயிருந்தது. பழுது பார்க்கும் சிலுவைதாசன் அரை நாள் வேலை என்று சொல்லியிருந்தார். அந்த அரை நாள் கிடைக்கவில்லை. அவசியமும் இல்லை. பக்கத்தில் மனைவி உலகம்மை உட்கார்ந்திருப்பாள். “மூணு,” என்று சொல்லி அவன் கிளச்சை மிதிப்பான். அவள் கம்பியைத் தள்ளி, கழன்றுவிடாமல் வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். கல்யாணமான மூன்று வருஷமும் இப்படித்தான். தம்பதிகள் கைகோத்துப் போவதில்லை என்பது ஊர் வழக்கம். கியர்க் கம்பியில் சேர்ந்து கைவைப்பதை யாரும் குறை சொன்னதில்லை.

வாசகசாலையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாதம் வைத்தார்கள். ‘கியர் உள்ள வண்டியே உயர்ந்தது’ என்ற கட்சிக்கு வள்ளிநாயகம், பி.ஏ. நாற்பது நிமிடம் பேசினான்.

“ஒரு வண்டி எப்போது மாற வேண்டும் என்பதை அதை ஓட்டும் மனிதனின் கை தீர்மானிக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் தீர்மானிக்கக் கூடாது. கியரை விட்டுக்கொடுப்பவன் நாளை எதையும் விட்டுக்கொடுப்பான்.”

கைதட்டினார்கள். பகவதியப்பன் எழுந்தார்.

“வாத்தியார் சொல்லது எல்லாம் சரிதான். எனக்கு இடது காலுக்கு வேலை இல்ல. இடது கைக்கும் வேலை இல்ல. அந்தக் கையில நான் வெத்திலை மடிக்கேன். சுதந்திரம்னா இதுதான் வே.”

அவருக்கு அதிகம் கைதட்டினார்கள்.

அன்று உலகம்மையும் வந்திருந்தாள், பேச்சு கேட்க அல்ல. அவள் வராவிட்டால் வண்டி மூன்றாவது கியரில் வீடு திரும்பாது.

“நல்லாப் பேசினீங்க,” என்றாள். “வாங்க. உங்க சுதந்திரத்தை நான் பிடிச்சுக்கிட்டு வாறேன்.”

* இதை அவள் இவ்வளவு கச்சிதமாகச் சொன்னாளா என்று எனக்கே சந்தேகம். “நல்லாப் பேசினீங்க, வாங்க” என்றது நிச்சயம். மீதியை நான் சேர்த்திருக்கலாம். அவள் சொல்லக்கூடியவள்தான்.

5

வாதத்துக்கு இரண்டு வாரம் முன்பு, வள்ளிநாயகத்தையும் உலகம்மையையும் தன் கட்சிக்கு இழுக்கப் பகவதியப்பன் அமெரிக்கக் காரில் திருவட்டாறு கோவிலுக்கு அழைத்துப்போயிருந்தார். ஓட்டியவர் ஞானையன். இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். மாட்டையோ ஆட்டையோ கண்டு வேகம் குறைக்கும்போதெல்லாம் அவருடைய இடது கால் இல்லாத கிளச்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது அகலமான பிரேக். ஒவ்வொரு தடவையும் கார் ஆணி அடித்ததுபோல் நின்றது. பகவதியப்பனின் வெற்றிலைப் பெட்டி மூன்று முறை பறந்தது.

“ஓய் ஞானையா! வண்டியையா மிதிக்கீரு, என்னையா?”

“மொதலாளி, இருவது வருசமா மிதிச்ச காலு. திடீர்னு சும்மா இருன்னா அது கேக்குமா?”

உலகம்மைக்கு அப்போது எட்டாம் மாதம். அவள் போகவர ஐம்பது மைலுக்கும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் வள்ளிநாயகம் கேட்டான், “அந்த வண்டி எப்படி?”

“எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றாள். “கை சும்மா இருந்துச்சு. ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கிட்டே வந்தேன்.”

வாசகசாலையில் அவன் இதைச் சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்கு ஆதாரம் கொடுப்பார்களா?

6

இனி அந்த நாள். ஆவணி மாதம், பகல் இரண்டு மணி. குறித்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, வலி முந்திக்கொண்டது. மிஷன் ஆஸ்பத்திரி மேற்கே பதினெட்டு மைல். சேதி கேட்டுப் பகவதியப்பன் காரோடு வந்துவிட்டார்.

[இந்த இடத்தில் முன்பு இப்படி எழுதியிருந்தேன்: “ஞானையனின் இடது காலை நினைத்தான். நிறைமாதக்காரியை அந்த பிரேக்குக்கு ஒப்புக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.” நல்ல காரணம். வாசகர் தலையாட்டியிருப்பார். அடித்துவிட்டேன், ஏனென்றால் ஞானையன் அன்று இடது காலை மேல்துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.]

“கட்டிப் போட்டாச்சு சாரே,” என்று கதவைத் திறந்து காட்டினார். “பத்து நாளா இப்படித்தான் ஓட்டுகேன். ஒரு குலுக்கு இருக்காது. அம்மாவைக் கொண்டாங்க.”

“வேண்டாம். எங்கள் வண்டி போதும்,” என்றான் வள்ளிநாயகம்.

பகவதியப்பன் அவனை ஏறிட்டுப் பார்த்தார். “இப்பமா வே வாதம்?”

“வாதம் இல்லை.”

“பின்னே என்ன எளவு? ஏறச் சொல்லும் வே, பிள்ளை துடிக்கா.”

வாதம்தான். அதற்கு எட்டு நாள் முன்னால் கியரை விட்டுக்கொடுப்பவன் எதையும் விட்டுக்கொடுப்பான் என்று அவன் பேசியிருந்தான். ஊர் கேட்டிருந்தது.

உலகம்மையை யாரும் கேட்கவில்லை. இரண்டு கட்சியிலும். அவள் இரண்டு கார்களையும் பார்த்தாள். பிறகு அவளே வந்து பழைய வண்டியின் முன்சீட்டில் ஏறி, கியர்க் கம்பியில் கைவைத்தாள்.

(இதை அவள் சம்மதம் என்று எழுத எனக்கு ஆசை. கை பழக்கத்தில் போயிருக்கலாம், ஞானையனின் கால் மாதிரி.)

7

பின்சீட்டில் உலகம்மையின் அம்மா தாணம்மாள், துணிமூட்டையோடு.

சுங்கான்கடை ஏற்றத்தில் ஒரு வலி வந்தது. உலகம்மை கம்பியை விடவில்லை. வலி கூடக்கூட இறுக்கினாள்.

“விடு. நான் பிடிச்சுக்கிடுறேன்,” என்றான்.

“நீங்க ரோட்டைப் பாருங்க.”

“ஏட்டி, அந்தச் சவத்தை விட்டுட்டு முருகனைக் கூப்பிடு,” என்றாள் தாணம்மாள்.

“முருகனைக் கூப்பிட்டா மூணுல நிக்குமா அம்மா?”

“இந்த நேரத்துலயும் வாயாடு! கொண்டா, நான் பிடிக்கேன்.”

தாணம்மாள் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தாள். அரை பர்லாங் போகுமுன் கியர் கழன்று என்ஜின் அலறியது. அவளும் அலறிக் கையை எடுத்தாள். உலகம்மைக்குச் சிரிப்பும் வலியும் சேர்ந்து வந்தன. “அம்மா, நீ முருகனையே கூப்பிடு,” என்று சொல்லிவிட்டு மறுபடி அவளே பிடித்தாள். வில்லுக்குறி தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் வரை.

ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.

மறுநாள் பகல் பதினொன்றுக்கு அவள் இறந்தாள். குழந்தை அதற்கு முன்பே. டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள்.

பதினாறு முடிந்த மறுநாள் காப்பிக்கடையில் யாரோ கணக்குச் சொன்னது அவன் காதில் விழுந்தது. “அந்தப் பெரிய பிளசர் கார்ல போயிருந்தா முக்கால் மணிக்கூர்லா?” எழுபத்திரண்டில் நாற்பத்தைந்து போனால் இருபத்தேழு. அந்த இருபத்தேழு நிமிடத்தில் அவள் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார்.

8

சுயம்புலிங்கத்துக்கு முடிவு வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

அ. அமெரிக்கக் காரில் போகிறார்கள். வில்லுக்குறி இறக்கத்தில் ஞானையனின் கால்கட்டு அவிழ்கிறது. இடது கால் பாய்கிறது. கார் வாய்க்காலுக்குள். கியர் உள்ள வண்டியே உயர்ந்தது. கைதட்டல். (இதை நான்கு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நிம்மதியாகத் தூங்கினேன். ஞானையன் மன்னிக்க வேண்டும். அந்தத் துண்டு அவிழக்கூடிய துண்டு அல்ல.)

ஆ. அமெரிக்கக் காரில் போகிறார்கள். நாற்பத்தைந்து நிமிடம். பெண் குழந்தை. உலகம்மை கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு திரும்பி வருகிறாள். அடுத்த வாதத்தில் வள்ளிநாயகம் எழுந்து, நான் தோற்றேன் என்று மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்ள, உலகம்மை முன்வரிசையில் குழந்தையை மடியில்

இ. எந்தக் காரில் போனாலும் அதேதான் நடக்கிறது. வண்டிகளுக்கும் மரணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆசிரியர் ஒரு பத்தி தத்துவம் எழுதுகிறார். உறவுக்காரர்கள் எல்லோரும் எனக்குச் சொன்ன முடிவு இது. சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தேழு நிமிடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வருஷம் வைத்துப் பார்த்தேன்.

9

சிலுவைதாசன் இப்போதும் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். “ஒரு ஸ்பிரிங்கு சாரே. அரை நாளு. அந்தக் கயித்தைத் தூரப் போட்டுரலாம்.”

பார்க்கலாம் என்கிறேன்.

கதைக்குள் ஓர் இடத்தில் உலகம்மையைக் கடைசியாகப் பேசவைத்திருந்தேன். “நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள்” என்று. எழுதிய மறுநிமிடமே தெரிந்தது. அவள் வாயில் நான் எனக்கு வேண்டியதை வைத்திருக்கிறேன். அடித்துவிட்டேன்.

உண்மையில் நடந்தது இது. ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தூக்குக்கட்டிலில் கிடத்தினார்கள். கை இன்னும் எதையோ பிடித்ததுபோல் மடங்கியே இருந்தது. உள்ளே கொண்டுபோகுமுன் அவள் தலையைத் திருப்பினாள். அவனைத் தேடுகிறாள் என்று நினைத்து வள்ளிநாயகம் குனிந்தான். அவள் பார்த்தது வண்டியை. உள்ளே போனதும் ஜன்னி கண்டது; அதன் பிறகு பேச்சு இல்லை. ஆகவே அந்த வாசலில் அவள் சொன்னதுதான் கடைசி:

“திரும்பிப் போகும்போது மூணு நிக்காது. அம்மைட்ட பிடிக்கக் குடுக்காதீங்க, விட்டுருவா. சீட்டுக்கு அடியில கயிறு வச்சிருக்கேன்.”