பதினேழு எழுதிய வகுப்பு

சூசைமேரி டீச்சரின் ஒன்றாம் வகுப்பு பி பிரிவில் முப்பத்திரண்டு பிள்ளைகளும் பதினேழு என்றே எழுதியிருந்தார்கள். கரும்பலகையில் இருந்தது இவ்வளவுதான்: ஏழோடு ஒரு காலிக் கட்டத்தைக் கூட்டினால் பத்து. கூட்டல் குறியைக் கண்டதும் கண்ணில் பட்ட இரண்டு எண்ணையும் கூட்டித் தொலைத்தார்கள்.

நடுவில் மறைத்த மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் ஏ பிரிவு. அங்கே ஜெபராணி, வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள், பத்து புளியங்கொட்டையில் ஏழை வெளியே வைத்து மிச்சத்தைக் கொட்டாங்கச்சியால் மூடி, "உள்ள எத்தினி?" என்பாள். "மூணு" என்று கூரை அதிரும். அந்தச் சத்தம் சூசைமேரிக்குப் பொறுக்கவில்லை. பதினான்கு வருஷத்தில் தன் வகுப்பு ஒருநாளும் இப்படிக் கத்தியதில்லை.

தலைமையாசிரியர் சவரிராஜ் சிலேட்டுகளைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க டீச்சர். வரலைன்னா உங்க வகுப்புக் கணக்கையும் ஜெபராணியே எடுக்கட்டும்."

தட்டி ஓட்டையில் கண் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் சூசைமேரியும் புளியங்கொட்டை கொண்டுவந்தாள். பிள்ளைகள் அதைத் தரையில் தேய்த்து ஒருவர் தொடையில் ஒருவர் சூடு வைத்தார்கள்.

வியாழக்கிழமை அவள் வகுப்புப் பிள்ளை பாஞ்சாலை தாமதமாக வந்து நின்றாள்.

"ஏண்டி லேட்டு?"

"தார் சுத்திகினு இருந்தேன் டீச்சர். அம்மா பத்து சுத்தச் சொன்னாங்க. ஏழுதான் ஆச்சு."

தறிக்கு ஊடை நூல் சுற்றிய குச்சிதான் தார். அந்த வகுப்பில் பாதிப் பேர் காலையில் அதைச் சுற்றிவிட்டுத்தான் வருவார்கள்.

"மீதி?"

"மூணு. சாயந்திரம் போய் சுத்தணும்."

பதினேழு எழுதிய அதே பாஞ்சாலை. சூசைமேரி சாக்பீஸை எடுத்துக் கட்டத்தைத் தட்டினாள். "பத்து தார் வேணும். ஏழு சுத்தியாச்சு. இன்னும் எத்தினி?"

வகுப்பே மூணு என்றது. எண்களை மாற்றிக் கேட்டாள், அதற்கும் சொன்னது. மணி அடிப்பதற்குள் தார் என்ற பேச்சே இல்லாமல் கட்டத்தை நிரப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை சவரிராஜ் பார்த்த சிலேட்டில் ஒன்றுகூடத் தப்பில்லை. தட்டிக்கு மேலே எட்டி, "ஜெபராணி, உங்க புளியங்கொட்டை இங்கயும் வேலை செய்யுதே" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லித் தரலையே சார்."

"அடக்கத்தைப் பாருங்க" என்று சூசைமேரியிடமே சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

இடைவேளையில் ஜெபராணி வந்தாள். "அக்கா, என் வகுப்புல நாலு பேரு இன்னும் பதினேழுதான் போடறாங்க. எல்லாம் தறிக்காரவங்க புள்ளைங்க. நீங்க எப்படிச் சொல்லித் தந்தீங்க?"

நிஜமாகவே கேட்டாள். தார் என்ற ஒரு வார்த்தை போதும். சூசைமேரி துணியை எடுத்துக் கரும்பலகையை மேலிருந்து கீழ்வரை துடைத்தாள்.

"உன்னாண்டதான் புளியங்கொட்டை இருக்குதே. இன்னும் ரெண்டு தரம் மூடிப் பாரு."