நம்ம வண்டி

பாடை கட்டக் கயிறு போதவில்லை. நாகராசு மாட்டுக் கொட்டகைக்குப் போய், காளைகள் இல்லாமல் சும்மா கிடந்த தும்புக்கயிறுகளை அவிழ்த்து வந்தான். அதைப் பார்த்ததும் அவன் அக்கா உண்ணாமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துக் கிடக்கிற புருஷன் கண்ணுசாமி மேலேயே கோபம்.

அவர் யார் கேட்டாலும் வண்டியைப் பூட்டிக் கொடுத்துவிடுவார். ஏன் என்று கேட்டால், "நம்ம ஆளுதானே" என்பார். திருவரங்குளம் சந்தையில் பழகிய பிச்சைமுத்துவும் அப்படித்தான் நம்ம ஆளானான். வைக்கோல் ஏற்ற என்று வாங்கிப் போனவன், வைக்கோலுக்கு அடியில் நெல் மூட்டைகளை ஒளித்திருந்தான். யுத்த காலம். சமஸ்தானத்தை விட்டு ஒரு மணி நெல் வெளியே போகக்கூடாது. எல்லைச் சாவடியில் வண்டியை மறித்ததும் ஆள் குதித்து ஓடிவிட்டான்.

காளைகளைக் கேட்கப் போன கண்ணுசாமியிடம் இன்ஸ்பெக்டர், "வண்டி யாருது?" என்றார்.

"நம்ம வண்டிங்க."

"நெல்லு?"

"அதுவும் நம்ம ஆளோடதுதாங்க."

போதாதா? கூட்டுக் களவாணி என்று எழுதி உள்ளே தள்ளிவிட்டார்கள். இரவல் என்கிற ஒரு வார்த்தை அந்த வாயில் வரவில்லையே! ஜாமீனில் காய்ச்சலோடு வந்தவர் பாயை விட்டு எழவே இல்லை. வண்டியும் மாடும் இன்னும் சாவடியில்தான் நிற்கின்றன. ஏலம் போடப் போகிறார்களாம்.

"நம்ம அண்ணன் போயிட்டாரே!"

வாசலில் பிச்சைமுத்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். உண்ணாமலை எழுந்து வந்தாள்.

"அழுகையெல்லாம் அப்பறம் தம்பி. இந்தா, மணியகாரர் இருக்காங்க. வண்டி இரவல், மூட்டை வச்சது உங்க அண்ணனுக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மாடு ரெண்டும் வீடு வந்து சேந்துரும்."

"சொல்லுப்பா, நானே போலீஸ் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மணியகாரர் ஆத்மநாதன்.

பிச்சைமுத்து குரலைத் தாழ்த்தினான். "மதினி, நான் புள்ளகுட்டிக்காரன். அண்ணன்தான் போயிட்டாரு. இனிமே அவரை யாரு என்ன செய்யப்போறா?"

"அப்ப மாடு?"

துண்டு மறுபடி அவன் வாய்க்குப் போனது. மணியகாரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நேரமாச்சு, தூக்குங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். பிச்சைமுத்து விறுவிறுவென்று போய் முன்பக்கக் கம்பைப் பிடித்தான். உண்ணாமலை அவன் கையை எடுத்து விட்டாள்.

"விடு. இந்த வீட்டுல இரவல் குடுத்தது போதும். இரவல் தோளு எங்களுக்கு வேணாம்."

அவன் ஒதுங்க, நாகராசு தோள் கொடுத்தான். குட்டையான ஆள். பாடை அந்தப் பக்கம் சரிந்தபடியே தெருவில் இறங்கியது. கட்டியது போக மீந்த தும்புக்கயிறு பின்னால் தொங்கி, புழுதியில் இழுபட்டுக்கொண்டே போனது.