கோணல் வராத கை

1

இந்தக் கதை ஒரு பார்சலில் வந்தது. மலை, மூடுபனி, உள்ளொளி என்று ஏதாவது சொல்ல ஆசைதான். ஆனால் வந்தது பார்சல். ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில் ஒரு பழைய காப்பிக் கிடங்கில், மெஷின் தொடாத துணி விற்கும் ஒரு ‘ஸ்லோ ஃபேஷன்’ கம்பெனி நடக்கிறது; அதற்கு நான் அட்டை எழுதுகிறேன். கைத்தறிக் குர்தாவின் கழுத்தில் ‘இதைத் தைத்தவர் இன்னார்’ என்று தொங்குமே, அந்த அட்டை. திரும்பி வந்த பார்சலுக்குள் இருபது குர்தாக்களும் ஒரு கடிதமும் இருந்தன. ‘கைவேலை என்று ஏமாற்றியிருக்கிறீர்கள். தையல் இவ்வளவு நேராக இருக்கிறது. இது மெஷின்.’

தைத்தவர் ஞானசுந்தரி. கையால்தான் தைத்தார்.

2

முதல் தொடக்கம்: [சேர்வராயன் மலையில் பனி இறங்கும் வேளையில், ஞானசுந்தரியின் ஊசி ஒரு பழம்பாடலை] வேண்டாம். இது நான் அட்டைக்கு எழுதுகிற பாணி.

இரண்டாம் தொடக்கம்: ஞானசுந்தரிக்கு நாற்பத்தேழு வயது. மிஷன் பள்ளியில் தையல் கற்றவர். ஒரு தையல் பிசகினாலும் சிஸ்டர் முழு வரிசையையும் பிரிக்கச் சொல்வாராம்.* எட்டாம் வகுப்பு முடிவதற்குள் பிசகுவதே அவருக்கு மறந்துபோயிற்று.

* அட்டையில் இதை எழுதவில்லை. ‘காப்பிப் பூ வாசத்தில் தானாக மலர்ந்த கலை’ என்று எழுதினேன். வாங்குகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது, பூ பிடிக்கும்.

3

கம்பெனி ஷீனாவுடையது. அவரை வில்லியாக்கிவிட்டால் என் வேலை பாதி முடிந்துவிடும். மனுஷி வில்லியாக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். மழை பிடித்தால் எல்லோரையும் தன் ஜீப்பில் வீடுவரை கொண்டுபோய் விடுகிறார். மெஷின் துணி பூமிக்குக் கேடு என்று மனதார நம்புகிறார்.

“அக்கா, அங்கங்க கொஞ்சம் கோணலா தைங்க. அப்பத்தான் ஹ்யூமன் டச் தெரியும்.”

“ஏனுங்க மேடம், நேரா தெச்சது தப்புங்களா?”

“தப்பில்லக்கா. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.”

ஞானசுந்தரி மூன்று நாள் உட்கார்ந்து ஒரு குர்தாவைக் கோணலாகத் தைத்தார். ஒவ்வோர் எட்டாவது தையலும் ஒரு நூலிழை இடதுபக்கம் சாய்ந்திருந்தது. எட்டு, பதினாறு, இருபத்துநான்கு. எல்லாம் ஒரே இழை அளவு. முன்னைவிட மெஷின் மாதிரி இருந்தது.

“நொம்பப் பாத்துப் பாத்துத்தானுங்க கோணலா வெச்சேன்” என்றார்.

(இங்கே நீங்கள் சிரிக்க வேண்டும். நான் சிரித்தேன், அவர் எதிரிலேயே. இன்னொன்று: இந்தக் கதையில் பாதியில் நிற்கும் வாக்கியங்கள் தானாக வந்தவை என்று நினைத்தால் நீங்கள் அருமையான வாசகர். ஷீனாவிடம் குர்தாவும் வாங்குவீர்கள்.)

4

சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் இருக்கிறது. கை நடுங்கியதுபோல, கண் அசந்ததுபோல, விதவிதமாகக் கோணல் போடும். ஷீனா ஒரு வாரம் மனம் குமைந்தார். பிறகு துணியை அங்கே அனுப்பினார். வந்த குர்தாக்களை வாங்கியவர்கள் கண்கலங்கிக் கடிதம் எழுதினார்கள். ஞானசுந்தரிக்கு இப்போது அட்டை கட்டுகிற வேலை. அட்டையில் அதே வரி: ‘தைத்தவர்: ஞானசுந்தரி.’

அவர் என்னைத் தேடி வந்தார்.

“சார், எம் பேர எடுத்துப்போடுங்க. கோடை விழாவுல நம்ம கம்பெனி ஸ்டால்ல எங்க சர்ச்சுப் பொம்பளைங்க பாத்துட்டு, ‘ஏன் சுந்தரி, கண்ணு தெரியலையா’ன்னு கேக்கறாங்க. எனக்குன்னு பேரு சொல்ல இந்தத் தையலு ஒண்ணுதானுங்க இருக்குது.”

“ஐந்நூறு அட்டை அச்சாகிடுச்சேம்மா” என்றேன்.

அது சாக்கு. அந்த அட்டை நன்றாக எடுபட்டிருந்தது, எழுதியவன் நான் என்கிற மப்பு எனக்கு. இப்போது வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு அ: ஞானசுந்தரி வேலையை உதறிவிட்டு ஏற்காட்டில் சொந்தமாகத் தையல் கடை திறக்கிறார். (பொய். ஆனால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.)

முடிவு ஆ: ஷீனா மனம் திருந்தி, சேலத்து மெஷினை [இதை என்னாலேயே எழுத முடியவில்லை]

நடந்தது இதுதான். ஞானசுந்தரி அட்டைக் கட்டைப் பிரித்தார். கறுப்பு நூல் கோத்து, ஒவ்வோர் அட்டையிலும் தன் பெயரின்மேல் நெருக்கமாக ஒரு வரிசை தைத்தார். பெயர் மறைந்தது. முப்பது அட்டை முடிந்திருக்கும், ஷீனா வந்து ஒன்றைக் கையில் எடுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, என்ன அழகு! எல்லாத்துலயும் இப்படியே போட்டுருங்க.”

ஞானசுந்தரி ஊசியை மேசைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, தன் ஊர் வெள்ளக்கடைக்குப் பஸ் ஏறப் போனார். மறுநாள் வரவில்லை.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: கோணல் வேலையில் தன் பெயர் இருக்கக் கூடாது. நானோ எனக்குத் தெரிந்த கோணலையெல்லாம் இந்தக் கதையில் போட்டு, அவர் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். மாற்றுப் பெயர் வைக்கலாமா என்று யோசித்தேன். சொந்தப் பெயரில்தான் ருசி என்று விட்டுவிட்டேன்.

உங்களிடம் பேனா இருக்குமல்லவா? அவர் பெயர் வரும் இடத்திலெல்லாம் அடித்துவிடுவதும் விடாததும் உங்கள் விருப்பம். அடிப்பதானால் நேராக அடியுங்கள். கோணலாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது.