அடைக்கலத்தின் முதுகும் ஒரு கோலின் மூன்று பங்கும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கிரேக்க நாட்டில் நடக்க வேண்டியது. அங்குள்ள ஏதோ ஒரு தீவின் தொழில்முறைக் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். என்னிடம் ஏன் கேட்டார்கள் என்பது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. இப்படித் தொடங்கினேன்:

"நீல அலைகள் தாலாட்டும் அத்தீவில், வீரமும் விவேகமும் ஒருங்கே—"

தாலாட்டியதில் எனக்கே தூக்கம் வந்துவிட்டது. மறுபடியும்:

"தலைவர் கழகத்தைத் தொடங்கிய நாளில் அவரிடம் பந்து இல்லை, பெயர்ப்பலகைதான் இருந்தது. கோல்கீப்பர் அவரைப் பார்த்து, 'மொதலாளி, பலகையவா ஒதைக்கச் சொல்றீங்க?'—"

வாயைத் திறந்ததுமே கோல்கீப்பர் நம்மூர் மீமிசல்காரராகிவிட்டார். இனி அவரைக் கிரேக்கத்துக்கு அனுப்ப என்னிடம் வழியில்லை.

2

ஆகவே தீவு மாறுகிறது. மீமிசலுக்குத் தெற்கே கொக்குமடை என்று ஒரு மீனவர் குப்பம். (வரைபடத்தில் தேடாதீர்கள், இப்போதுதான் உண்டாக்கினேன்.) எதிரே ஒரு மணல்திட்டு. தண்ணீர் வற்றினால் மைதானம், ஏறினால் தீவு. 1951இல் கருவாட்டு வியாபாரி காஜா மைதீன் அங்கே 'கொக்குமடைத் தீவு புரொபஷனல் கால்பந்துக் கழக'த்தைத் தொடங்கி, தன்னைத்தானே ஏகமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

"புரொபஷனல்னா என்ன மொதலாளி?" என்று கேட்டவன் அடைக்கலம். பிறர் படகில் போய்ப் பிறர் வலையை இழுக்கிறவன். முப்பது வயது.

"தலைவர்னு சொல்லுப்பா. புரொபஷனல்னா சும்மா ஆடுறது இல்ல. ஆடுனா பங்கு உண்டு."

பங்கு என்றால் கொக்குமடையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிடித்த மீனில் படகுக்காரருக்கு ஒன்று, வலைக்காரருக்கு ஒன்று, மூன்றாவது பங்கு இழுத்த ஆட்களுக்கெல்லாம் சேர்த்து. கழகத்திலும் அப்படியே. பந்து தலைவருடையது, அதுதான் படகு. இரண்டு கோல் கம்பங்களிலும் கட்டிய பழைய வலைகள் வலைக்காரர் பிச்சைமுத்துவுடையவை. மற்றவர்கள் ஆட்கள்.

என்னத்தைப் பங்கு வைப்பது என்று மட்டும் ஐந்து வருடம் யாரும் யோசிக்கவில்லை. ஒரு கோலும் விழவில்லை அல்லவா?*

* எதிரணிகளுக்கு விழுந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

3

1956இல் விழுந்தது. கீரமங்கலத்து அணியோடு ஆட்டம். 'அடைக்கலம் புயலெனப் பாய்ந்து, பந்தைத் தன் இடக்காலால்' என்று எழுதி அடித்துவிட்டேன். நடந்தது வேறு. களைத்துப்போய் எதிரணிக் கோலுக்கு முன்னால் நின்றிருந்தான். கரையில் தன் மனைவி இன்னாசியம்மாள் பார்க்கிறாளா என்று திரும்பினான். அந்த நேரம் பார்த்து எதிரணிக் கோல்கீப்பர் எத்திய பந்து அவன் முதுகில் பளாரென்று மோதி, வந்த வழியே போய் வலைக்குள் விழுந்தது.

யார் அடித்தது என்று அடைக்கலமும் மற்றவர்களோடு சேர்ந்து தேடினான். பத்துப் பேர் தன்மேல் விழுந்து கட்டிக்கொண்ட பிறகுதான் புரிந்தது.

அன்று அவன் குளிக்கவில்லை. முதுகில் வட்டமாக ஈரமணல் ஒட்டியிருந்தது. இன்னாசியம்மாள் தேய்த்துவிட வந்தபோது விலகிக்கொண்டான். பிறந்ததிலிருந்து எது கிடைத்தாலும் மூன்றாகப் பிரித்துத்தான் கைக்கு வந்திருக்கிறது. முழுசாக அவன்மேல் விழுந்தது இது ஒன்றுதான்.

[இங்கே எனக்கே ஒரு சந்தேகம். பார்க்காமல் அடித்த கோல்மேல் ஒருவனுக்கு இவ்வளவு ஆசை வருமா? அவனையே கேட்டேன். "முதுகுல பட்டாலும் அது என் முதுகுதானேங்க" என்றான்.]

4

மறு வருடம் தலைவர் கல் நாட்டினார். இந்த ஜில்லாவில் எதையும் கல்லில் வெட்டினால்தான் நம்புவார்கள். குன்றாண்டார்கோவில் பக்கமிருந்து கல்லும், அதோடு கல்தச்சர் குழந்தைசாமியும் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். கல்லின் முக்கால் பாகத்தில் தலைவரின் பட்டங்கள் ஏற்கெனவே வெட்டியிருந்தன. அடியில் 'முதல் கோல் அடித்தவர்' என்று ஒரு வரி. அதன் கீழே ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடம். சபைமுன் வெட்டுவதாக ஏற்பாடு. தண்ணீர் வற்றிய நேரமாகப் பார்த்து எல்லோரும் திட்டில் கூடினார்கள். அடைக்கலம் சலவைச் சட்டை போட்டிருந்தான்.

"என்ன பேருங்க வெட்ட?" என்றார் குழந்தைசாமி.

தலைவர் தொண்டையைச் செருமினார். "காஜா மைதீன், பிச்சைமுத்து மற்றும் ஆட்கள்."

அடைக்கலம் கல்லை எட்டிப் பார்த்தான். "தலைவரே, ஆட்கள்னா?"

"நீதாம்ப்பா. நீயும் மத்தவங்களும். பங்குமொறை தெரியாதா ஒனக்கு? பந்து என்னுது, வலை பிச்சைமுத்துது."

"முதுகு யாருதுங்க?"

"முதுகு இழுவைக் கூலியில சேர்ந்துபோச்சு" என்றார் பிச்சைமுத்து. அவருக்கு எங்கிட்டுத் திரும்பினாலும் நியாயம் தன் வலைக்குள்தான் இருந்தது.

அப்போதுதான் இன்னாசியம்மாள் முன்னால் வந்தாள். மீமிசல் சந்தையில் மீன் விற்கிறவள். வாய் கொடுத்தவர்கள் மீனையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

"பங்குன்னா பங்குதான் மொதலாளி. சரியாத்தான் சொன்னீக. அடிச்ச கோலுக்குப் பங்கு வச்சாச்சு. வாங்குன கோலு?"

"அது நட்டம்லம்மா."

"கடல்ல வலை கிழிஞ்சா நட்டம் யாருக்குங்க, இழுத்தவனுக்கு மட்டுமா? இத்தன வருசத்துல நம்ம பக்கத்து வலையில விழுந்தது நூத்திப் பதினேழு. பந்துக்கு முப்பத்தொம்பது, வலைக்கு முப்பத்தொம்பது, ஆளுகளுக்கு முப்பத்தொம்பது. ஆசாரி, அதையும் சேர்த்து வெட்டுங்க. எடம் பத்தலன்னா பட்டத்துல ரெண்ட எடுத்துருங்க."

குழந்தைசாமி உளியை எடுத்தார். வெட்டச் சொன்னால் வெட்டுகிறவர் அவர்.

"இரு, இரு, இருய்யா!" என்றார் தலைவர்.

5

முடிவு, அ: தலைவர் மனம் நெகிழ்ந்து அடைக்கலத்தைத் தழுவிக்கொள்கிறார். (எழுதிப் பார்த்தேன். "நான் அப்படி எப்பய்யா செஞ்சேன்?" என்று காஜா மைதீன் காகிதத்தைவிட்டு எழுந்து போய்விட்டார்.)

முடிவு, ஆ: ஒரு பெரும் அலை வந்து கல்லைக் கொண்டுபோய்விடுகிறது. காலம், கடல், நிலையாமை. விமர்சகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் கடலில் கணுக்காலுக்கு மேல் அலை வருவதில்லை.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். தண்ணீர் ஏறத் தொடங்கியது. தலைவர் வானத்தைப் பார்த்து, "கரைக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். பட்டங்கள் முதலில் போயின, ஆட்கள் பின்னால் போனார்கள். குழந்தைசாமி அவசரத்தில் உளியையும் சுத்தியலையும் கல்லின் தலையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

அடைக்கலம் போகவில்லை. சலவைச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். கல்லை நெருங்கி, திரும்பி நின்று, அந்த வெற்றிடத்தில் தன் முதுகைப் பொருத்திச் சாய்ந்துகொண்டான். கல் சில்லென்று, பந்து பட்ட அதே இடத்தில் பட்டது.

முதல் கோல் அடித்தவர். அதன் கீழே அவன் முதுகு. அவன் அங்கே சாய்ந்திருக்கும்வரை கல் சரியாக இருக்கிறது.

"ஏங்க, சோறு ஆறுது, வாங்க!" என்று கரையிலிருந்து இன்னாசியம்மாள் கூப்பிடுகிறாள்.

"செத்த இரு, வாரேன்!"

மூழ்கமாட்டான், பயப்படாதீர்கள். முழங்கால் தண்ணீர்தான். ஆனால் பசிக்கும். என்னால் அவனை அங்கேயிருந்து நகர்த்த முடியவில்லை. நகர்த்தினால் வெற்றிடம் தெரியும், தெரிந்தால் தலைவர் தன் பெயரோடு திரும்பி வருவார். எனக்குக் கல் வெட்டவும் வராது.

உளி கல்லின்மேல்தான் இருக்கிறது. உங்கள் கைக்கு எட்டும், வெட்ட வேண்டிய பெயரும் உங்களுக்குத் தெரியும். அவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.