ஐந்தாவது பாட்டில் ஓர் இருமல்

‘ஈரச் சிமென்ட்’ குழுவின் இரண்டாவது ஆல்பத்தில், ஐந்தாவது பாட்டில், இரண்டு நிமிடம் பதினொன்றாவது நொடியில் ஓர் இருமல் வரும். அது என்னுடையது. அதனால் ஒவ்வொரு நவம்பரிலும் நான் ரசிகர் சங்கத்துக்கு நேரில் போய் இருமிக் காட்ட வேண்டும். ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டப் போவார்களே, அப்படித்தான். இருமியதும் என் அட்டையில் முத்திரை குத்தித் தருவார்கள். அடுத்த நவம்பர் வரை செல்லும்.

சங்கம் எழும்பூரில் ஒரு வணிக வளாகத்தின் நான்காவது மாடியில் இருக்கிறது. மூன்றாவது மாடி முதல் ஆல்பத்தின் ரசிகர்களுக்கு. அங்கே எல்லா விளக்குகளும் எரியும். முதல் ஆல்பம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. நான் ஏறிப் போனபோது அங்கே யாருக்கோ கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். மேலே போகிறவர்களைப் பார்த்தால் அவர்களுக்கு மனசு கஷ்டமாகிவிடுமாம்.

நான்காவது மாடியின் நடைவழி வருடா வருடம் நீள்கிறது. யாராவது ஒரு கருத்தைப் பதிவு செய்தால் ஓர் அடி கூடும். கருத்து அந்த அடியில் சுவரில் ஒட்டப்படும். இந்த முறை கடக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. நான் எல்லாவற்றையும் படித்துக்கொண்டே நடந்தேன்.

‘முதல் ஆல்பம் ஊருக்கு. இது நமக்கு.’

‘இரண்டாம் பக்கத்தை முதலில் கேட்க வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை.’

‘டிரம்ஸ் பக்கத்து வீட்டில் வாசிப்பது போல் இருக்கிறது. அதுதான் அழகு.’

‘இதைக் கேட்ட பிறகு என் கணவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். குழுவுக்கு நன்றி.’

‘ஐந்தாவது பாட்டின் இருமல் இல்லாவிட்டால் இது வெறும் ஆல்பம்.’

கடைசிக் கருத்தின் முன்னால் ஒவ்வொரு வருடமும் சற்று நிற்பேன். இந்த வருடமும் நின்றேன்.

செயலாளர் இன்னாசி சார் மேசைக்குப் பின்னால் இருந்தார். செயற்குழுவினர் ஏழு பேர் சுற்றி இருந்தார்கள். துணைத் தலைவர் ஜெகதீசன் இரண்டு வருடங்களுக்கு முன்பு ஸ்பீக்கர் பெட்டி ஆகிவிட்டார். மூலையில் நின்று மெல்ல உறுமிக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை அவர் மனைவி வந்து தூசி தட்டிவிட்டுப் போகிறாராம். முன்னைவிட இப்போது பொறுமையாக இருக்கிறார் என்று சொல்கிறாராம்.

“வாங்க மேடம். உக்காராதீங்க. நின்னுட்டே இருமணும்” என்றார் இன்னாசி சார்.

அந்த இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. புரசைவாக்கத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த அறையில் பதிவு நடந்தது. எதிரொலி அடங்குவதற்காகச் சுவரெல்லாம் முட்டை அட்டைகள் ஒட்டியிருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த தோபியாஸிடம் ஒரு வாக்கியம் சொல்லலாம் என்று போயிருந்தேன். மூன்று நாட்களாகத் தயார் செய்த வாக்கியம். நான் உள்ளே நுழைந்ததும் சிவப்பு பல்பு எரிந்தது. அது எரிந்தால் பதிவு ஓடுகிறது, அசையக் கூடாது. கதவோரம் நின்றேன். வாக்கியம் தொண்டையிலேயே நின்றது. அதை விழுங்கப் பார்த்தேன். அது இருமலாக வந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் கிட்டார்காரன் திட்டினான். தோபியாஸ் மட்டும், “அது இருக்கட்டும்” என்றான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் ஒரு நீல நூல் துண்டு கிடந்தது. அதைப் பார்த்தபடியே கிளம்பி வந்துவிட்டேன். பத்தொன்பது நாட்கள் கழித்து தோபியாஸ் பைக்கில் போகும்போது இறந்துபோனான். கேசட் அதற்குப் பிறகுதான் வந்தது. யாரும் வாங்கவில்லை.

எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான். ஓர் இருமல், அவன் சொன்ன இரண்டு சொற்கள். நான் அதை வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வருடங்கள் இருந்திருக்கிறேன். இருக்க முடிகிறது. வருடத்துக்கு ஒரு முத்திரை கிடைத்தால் போதும்.

நான் இருமினேன்.

இன்னாசி சார் டேப்பை ஓடவிட்டார். பழைய இருமல் வந்தது. ஏழு பேரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கருத்து சொன்னார்கள். பழையது தொண்டையிலிருந்து வருகிறது, இது நெஞ்சிலிருந்து வருகிறது என்றார் ஒருவர். பழையதில் ஒரு பயம் உண்டு, இதில் சளிதான் இருக்கிறது என்றார் ஓர் அம்மாள். மூன்றாமவர், தன்னைக் கேட்கிறார்கள் என்று தெரிந்தே இருமுகிற இருமல் இது என்றார். அது உண்மை.

இன்னொரு முறை இருமட்டுமா என்று கேட்டேன். அனுமதித்தார்கள். இருமினேன்.

“ரெண்டாவது, முதல் அளவுக்கு இல்ல” என்றார்கள்.

இரண்டாவதற்குப் பரிந்து பேசுவதற்கென்றே இருக்கும் சங்கம் அது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

இன்னாசி சார் உள்ளறையைப் பார்த்து, “கனிமலர், வாம்மா” என்றார். ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும். ஆல்பம் வெளிவந்து ஐந்து வருடங்கள் கழித்துப் பிறந்தவள். குழுவின் பெயர் போட்ட பனியன் அணிந்திருந்தாள். என்னைப் பார்த்து, “சாரி ஆன்ட்டி” என்றாள். பிறகு இருமினாள்.

அது என் இருமல். நான் கதவோரம் நின்று இருமிய அதே இருமல். முடிவில் ஒரு சிறிய மூச்சை உள்ளே இழுத்தேனே, அதுவும் இருந்தது. ஜெகதீசன் உறுமுவதை நிறுத்தினார். சளி என்று சொன்ன அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எப்படி வந்தது என்று கேட்டேன். பன்னிரண்டு வயதிலிருந்து குளியலறையில் பழகியதாகச் சொன்னாள். அவள் அம்மா பயந்துபோய் இரண்டு முறை எக்ஸ்ரே எடுக்க வைத்தாராம்.

“அட்டையைக் குடுங்க மேடம்” என்றார் இன்னாசி சார்.

“சார், அது நான் இருமினது.”

“யாரு இல்லேன்னா? நீங்கதான் இருமினீங்க. ஆனா இப்ப இருமுறது இவங்க.”

அட்டையைக் கொடுத்தேன். அவர் ஸ்கேல் வைத்து என் பெயரை நேராக அடித்தார். மேலே அவள் பெயரை எழுதினார். மை காய வேண்டும் என்று ஊதினார்.

மை காயக் காய நான் அன்றைய பதிவு அறையிலிருந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தேன். முதலில் கதவுக்கு வெளியே நின்றேன். பிறகு படிக்கட்டில் நின்றேன். கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு தெருவில் நின்றேன். பிறகு அன்று நான் புரசைவாக்கமே போகவில்லை. வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெயிலில் காய்ந்த துணிகள். ஒவ்வொன்றையும் சரியாக மடித்திருந்தேன்.

அந்த வாக்கியம் மட்டும் போகவில்லை. தொண்டையில் அப்படியே இருந்தது. அங்கே நடந்ததாக நான் இதுவரை சொல்லி வந்ததும், எழுதி வைத்ததை ஒப்பிப்பதுபோல் நினைவிருந்தது. பார்த்த நினைவு இல்லை.

கனிமலர் தலைகுனிந்து நின்றாள். அவள் முகம் சிவப்பாகிவிட்டது. ஏதோ ஒரு விளக்கின் வெளிச்சம் அவள் மேல் மட்டும் விழுந்தது.

“தரையில நூல் கிடக்குது” என்றாள். “நீல நூல்.”

“நூலைப் பாக்காத. நிமிர்ந்து பாரு” என்றேன்.

என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது. அவள் தயங்கினாள். பிறகு நிமிர்ந்தாள். அவள் எதிரில் வெள்ளைச் சுவர்தான் இருந்தது.

“பாக்கறாரு ஆன்ட்டி. ஸ்டிக்கைக்கூடக் கீழ வெக்கல. என்னையே பாத்துட்டு இருக்காரு.”

இருபத்தெட்டு வருடங்களில் இது எனக்குத் தெரியாது. நான் நூலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் தோபியாஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“சொல்லு” என்றேன். “போயிடாத. சொல்லிடு.”

அவள் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. நீளமான வாக்கியம் இல்லை என்று தெரிந்தது. என்னுடையது இன்னும் நீளம். பிறகு அவள் காத்திருந்தாள். பிறகு காது கொடுத்துக் கேட்டாள். யாரோ அவளிடம் வெகுநேரம் பேசினார்கள். இடையில் ஒருமுறை சிரித்தாள். ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள்.

அவள் முகத்திலிருந்து சிவப்பு போனதும், “என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி நம் செல்போனை எட்டிப் படிக்கும்போது பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

“அது எங்களுக்குள்ள, ஆன்ட்டி.”

அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

இன்னாசி சார் ஒரு படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். ஆல்பத்தில் சம்பந்தப்பட்டவர்கள் அதைப் பற்றிக் கருத்து சொல்லக் கூடாது என்பது விதி. இத்தனை வருடம் என்னை யாரும் கேட்டதில்லை. இப்போது எனக்குச் சம்பந்தம் இல்லை என்பதால் கேட்கலாம் என்றார். ஒரு வரி போதும் என்றார். ஐந்தாவது பாட்டை முதலிலிருந்து போட்டார்.

நான் அதை முதல்முறையாகக் கேட்டேன். நல்ல பாட்டு. டிரம்ஸ் பக்கத்து வீட்டில் வாசிப்பது போல்தான் இருந்தது. இரண்டு நிமிடம் கழித்து யாரோ ஒரு பெண் இருமினாள். அந்த அறையில் அவளுக்கு ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று பட்டது. அவள் நிமிர்ந்துதான் நிற்கிறாள். அது அவள் மூச்சிலேயே தெரிந்தது.

‘இருமுகிற பெண் சந்தோஷமாக இருக்கிறாள்’ என்று எழுதினேன்.

இன்னாசி சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார்.

“இந்த ஆல்பத்துல சந்தோஷம்னு எதுவும் இல்லையே மேடம். வேணும்னே தப்பா எழுதினா ஒட்ட முடியாது. திருத்திக் குடுங்க.”

ஸ்கேலை வாங்கி அந்த வரியை நேராக அடித்தேன். கீழே, ‘இருமுகிற பெண் யாரென்று தெரியவில்லை’ என்று எழுதினேன்.

“இது சரி” என்றார்.

அடியில் என் பெயரை எழுதப் போனேன். அதெல்லாம் வேண்டாம், ரசிகை என்று போட்டால் போதும் என்றார். போட்டேன்.