மூன்று மாதக் கெடு

அவன் ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிடுங்கினான். அவள் திரும்ப மாட்டினாள். காலையிலிருந்து புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இதே மல்லுக்கட்டுதான்.

"அம்மா... உன்கிட்ட ஒண்ணு..." என்று கட்டிலோரம் இருந்த தாயைப் பார்த்து மறுபடி ஆரம்பித்தான். மெஷினில் எண் மளமளவென்று எண்பதுக்குக் கீழே இறங்கியது.

"வீட்டுக்கு வந்து ஆற அமரச் சொல்லுடா. இப்ப என்ன அவசரம்?" என்றாள் கிழவி.

அவன் சொல்ல வருவது பெண்டாட்டிக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக அவள் காத்திருக்கும் வார்த்தை அது.

லேத்துப் பட்டறையில் மயிரிழை அளவு பிசகினாலும் இரும்பைத் தூக்கிக் கடாசுகிறவன் அவன். அவனிடம்தான் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் பரிசோதனைத் தாளைத் தட்டிக் காட்டினார். "விந்துல உயிரணு ரொம்பக் கம்மி. இருக்கறதும் சரியா நகரல. சிகரெட்ட மூணு மாசம் தொடாம இருந்துட்டு வாங்க, திரும்பப் பாப்போம். உங்க வீட்டம்மாவுக்கு ஒரு குறையும் இல்ல."

வீட்டு வாசலிலேயே மாமியார் மறித்துக் கேட்டாள். அவன் முகம் செத்துப்போனதைப் பார்த்து பெண்டாட்டிதான் முந்திக்கொண்டாள்.

"எனக்குத்தான் கோளாறாம், அத்தை."

மூன்று மாதம்தானே, அப்புறம் வயிறு பதில் சொல்லிவிடும் என்று நினைத்தாள், பைத்தியக்காரி!

அவனும் சிகரெட்டை விடப் பார்க்காமல் இல்லை. ஒரு தடவை ஐம்பத்தோரு நாள் தாக்குப்பிடித்தான். அன்றைக்கென்று யாரோ அவளை மலடி என்றது காதில் விழ, எழுந்து பெட்டிக்கடைக்குப் போனான். கெடு மறுபடி முதல் நாளிலிருந்து. போகப்போக உடம்பும் படுக்கையில் கைவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பழகிக்கொண்டான். கடைசியில் நுரையீரலும் போயிற்று.

இப்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விடு, சொல்லிவிடுகிறேன் என்று கண்ணாலேயே கெஞ்சினான். எண் அறுபத்தெட்டு.

"பேசாதீங்க. நீங்க இருந்தா போதும் எனக்கு."

மாஸ்க்கை அழுத்திப் பிடித்தாள். அரை மணி கழித்து மெஷின் கத்த, நர்ஸ் வந்து அவள் கையை எடுத்துவிட்டபோதுதான், அவன் போய்விட்டது தெரிந்தது.

அலறி ஓய்ந்த கிழவி அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அவனுக்கு ஒரு புள்ளையத் தரலையேன்னு உன்மேல எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்துச்சு தெரியுமா? எல்லாம் போச்சுடி. உன்ன மன்னிச்சுட்டேன்."

அவளுக்கு உண்மை வாய் வரைக்கும் வந்தது. கட்டிலைப் பார்த்தாள்.

"சரி, அத்தை" என்று கிழவியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

தலையணையில் கிடந்த மாஸ்க்கிலிருந்து காற்று இன்னும் சீறிக்கொண்டிருந்தது.