தொரைசானியைத் திருப்புகிற ஆள்

சுந்தரலிங்கத்துக்கு இடுப்பு பத்து நாளாக நிமிரவில்லை. குந்தி எழுந்தால் முதுகுத்தண்டின் அடியில் யாரோ இரும்பு அலவாங்கைச் செருகித் திருகுகிற மாதிரி இருந்தது. பெஞ்சாதி சரஸ்வதி, தைலம் தேய்த்துப் பார்த்தாள், வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள், கடைசியில் திட்டியும் பார்த்துவிட்டாள். "இந்த வயசுல கல்லோட மல்லுக்கு நின்னா இப்புடித்தான்."

வயது ஐம்பத்துமூன்று. தேயிலை மலையில் மழைத்தண்ணீர் இறங்க முப்பது வருசமாகக் கான் வெட்டுகிற உடம்பு. கான் வெட்டி வருகிற வலி அவருக்குப் பழக்கம். படுத்து எழுந்தால் பாதி போய்விடும். இது தொரைசானியைத் திருப்பியதால் வந்த வலி. அப்படிச் சீக்கிரம் விடாது.

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளியிலிருந்து ஏறிப் போகிற தோட்டத்தில், கூலி ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு நேர் மேலே, அஞ்சாம் நம்பர் மலையின் விளிம்பில் வெள்ளைக்காரர்களைப் புதைத்த மயானம். ஏழு கல்லறை. ஆறு, பாசி பிடித்து எழுத்தழிந்து கிடக்கின்றன. ஏழாவதின் மேல், சதுரப் பீடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைக்கல் பொம்பளை தலையைக் குனிந்து நிற்கிறாள். அவள்தான் தொரைசானி. எந்தக் காலத்துத் தொரையின் பெஞ்சாதி, பேர் என்ன, ஒருவருக்கும் தெரியாது. எப்படிச் செத்தாள் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும், ஆளுக்கு ஒரு விதமாக. பிள்ளைப்பேற்றில் செத்தாள், லயத்து மருத்துவச்சி வரத் தாமதமாகிவிட்டது, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பது பொம்பளைகள் சொல்வது. ஆயாக்காரி ஒருத்தி அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்தில் ஒளிந்தாள், அதைத்தான் தேடுகிறாள் என்பது ஆம்பிளைகள் குடித்துவிட்டுச் சொல்வது. ஹாலிஎலயிலிருந்து மீன் கொண்டு வருகிற இத்ரூஸ் நானா மயானத்துக்குக் கீழே பாதை வளைகிற முடக்கில் ஆட்டோவை மெதுவாக்கி நெற்றியில் கை வைத்துவிட்டுத்தான் போவார். "ஒரு சலாந்தானே, மீனா கேக்குறா?" என்பார்.

எந்தக் கதையும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். தொரைசானி திரும்புவாள். அவளை வைத்தவர்கள் நமுனுகுல மலையைப் பார்த்து வைத்தார்கள். ஒவ்வொரு வருசமும் அடைமழை கழிந்து போய்ப் பார்த்தால் முகம் கொஞ்சம் லயத்துப் பக்கம் வந்திருக்கும். நேராக லயத்தைப் பார்த்துவிட்டால் பச்சைக்குழந்தை தங்காது. அப்படிப் பிள்ளைகள் போன வருசங்களை விரல்விட்டுச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அந்த வருசங்களில் குடிதண்ணீர் கெட்டு லயமெல்லாம் பேதி கண்டதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அதனால் வருசத்துக்கு ஒரு தடவை அவளைத் திருப்பி வைப்பது வழக்கம். சேவல் அறுத்து, சாராயம் ஊற்றி, பீடத்தின் அடியில் இரண்டு அலவாங்கைக் கொடுத்து நெம்பி, மறுபடியும் நமுனுகுலையைப் பார்க்க வைப்பார்கள். அடியில் கல் செருகி, மண் அடித்து, கூட்டித் துப்புரவாக்கிவிட்டு இறங்குவார்கள். பதினொரு வருசமாக முன்னால் நின்று நெம்புகிறவர் சுந்தரலிங்கம். திருப்புகிற ஆள் என்றால் தோட்டத்தில் ஒரு தனி மரியாதை. கல்யாண வீட்டில் முதல் பந்தி. பஞ்சாயத்தில் அவர் பேசினால் குறுக்கே பேச மாட்டார்கள். கான் வெட்டுகிறவனுக்கு வேறு எதில் அது கிடைக்கும்?

ஆனால் மண்ணுக்குள் நின்று வேலை செய்கிறவனிடம் மண் எதையும் மறைக்காது. முதல் வருசம் அவர் நெம்பித் திருப்பியது பெருவிரல் அகலம். பிறகு நாலு விரல். மூன்று வருசத்துக்கு முன் ஒரு முழுச் சாண். அன்றைக்கே அவருக்கு உறைத்துவிட்டது. கல் திரும்பவில்லை, மலை கீழே நகர்கிறது, பீடத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. சேவல் குழம்பைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

போன வருசம் மண்சரிவு பார்க்கிற ஆபீசிலிருந்து ஒரு ஐயா வந்தார். லயமே வாசலில் நின்று அவரை வேடிக்கை பார்த்தது. எல்லார் வயிற்றிலும் ஒரே பயம்தான். ஆபத்தான இடம் என்று எழுதிவிட்டால் லயத்தை விட்டு எழும்பச் சொல்வார்கள். எழும்பினால் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய். அடுத்த தோட்டத்தில் அப்படி எழும்பிப் போய்க் கூடாரத்தில் பிறந்த பிள்ளை இப்போது நாலாம் வகுப்புப் படிக்கிறது, வீடு இன்னும் வரவில்லை. ஐயா மயானத்துக்கும் ஏறினார். வழி காட்டப் போனவர் சுந்தரலிங்கம். தொரைசானி தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நின்றாள். திருப்பி வைத்து இருபது நாள்கூட ஆகவில்லை.

"மண் அசைஞ்சா இந்த மாதிரிப் பாரமான சாமான்தான் முதல்ல காட்டும்" என்றார் ஐயா, சிங்களம் கலந்த தமிழில். "இதுக்கு யாரும் ஏதாவது செஞ்சதா? நேராக்கினதா?"

"இல்லங்க ஐயா. அது அப்புடியேதான் இருக்கு."

ஐயா எழுதிக்கொண்டார்.

இந்த வருசம் திருப்பிப் பத்து நாள். அதில் கடைசி நாலு நாளும் விடாத மழை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டைக் கலைத்துவிட்டார்கள், யாருக்கும் வேலை இல்லை. கான் அடைத்துக் கிடந்தால் லயத்துக்குள் தண்ணீர் வருமே என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சுந்தரலிங்கம் மட்டும் மேலே ஏறினார்.

தொரைசானி லயத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தே நாளில். கல்தானே என்று சொல்லிக்கொண்டார். ஆனாலும் குனிந்த முகத்தில் மழை வழிந்து நாடியில் சொட்டுவதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சுற்றி வந்தார். பீடத்துக்குப் பின்னால் புல்லைக் கிழித்துக்கொண்டு ஒரு வெடிப்பு ஓடியது. மண்வெட்டியைத் திருப்பிப் பிடியை உள்ளே விட்டார். பிடி முழுக்கப் போனது, அடி தட்டவில்லை. பக்கத்துக் கானை எட்டிப் பார்த்தார். நாலு நாள் மழைக்கு நுரைத்து ஓட வேண்டிய கான் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. அத்தனை மழையையும் மலை குடித்துக்கொண்டிருந்தது.

அவர் இறங்கி ஓடினார். குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு காம்பரா உள்ள லயத்தில் கடைசிக் காம்பரா அவருடையது, மலையோடு ஒட்டியது. உள்ளே மகள் கம்சலா, தலைப்பிரசவத்துக்கு வந்தவள். பெண் குழந்தை, பதினெட்டு நாள்.

"எழும்புங்க! எல்லாரும் எழும்புங்க! பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க!"

உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"என்னாண்ணே, காலையிலயே ஊத்தியாச்சா?" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

மண் போகிறது என்றால், "மழை விடட்டும் பாப்பம்" என்பார்கள். ஒவ்வொரு மழைக்கும் அப்படித்தான். தொரைசானி என்றால் ஓடுவார்கள் என்று அவருக்குப் பட்டது. "திரும்பிட்டா! லயத்தப் பாத்து நிக்கிறா!" என்று கத்தினார்.

சிரிப்பு நின்றது. ஆனால் யாரும் ஓடவில்லை. பொம்பளைகள் முற்றத்தில் நின்ற பிள்ளைகளை இழுத்து உள்ளே போட்டார்கள். படார் படார் என்று கதவுகள் சாத்திக்கொண்டன.

சரஸ்வதி காம்பரா வாசலை மறித்து நின்றாள். "திரும்பிட்டான்னா புள்ளய எப்புடிக் கொண்டு போறது? பள்ளிக்கூடத்துப் பாத மயானத்துக்குக் கீழாலதானே போவுது? புள்ளைக்கு இன்னும் முப்பது நாள்கூடக் கழியல. அவ கண்ணுக்கு முன்னாடியா தூக்கிட்டுப் போகச் சொல்றீங்க?"

"வேற பாத இல்லடி!"

"அப்ப மொதல்ல போயித் திருப்பிட்டு வாங்க. நீங்கதானே திருப்புற ஆளு."

"ஆமாண்ணே" என்றார் தோட்டத் தலைவர், இஸ்தோப்புத் திண்ணையில் நின்றபடியே. "ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டுப் போங்க. திருப்பின கையோட எல்லாரும் போயிருவம். இல்ல, போன தடவச் சேவல் சின்னதுன்னு இன்னும் கோவமா?"

சொல்ல வேண்டிய வார்த்தை சுந்தரலிங்கத்தின் வாய்வரை வந்தது. அவ எங்கயும் திரும்பல, மண்ணுதான் நகருது, எனக்குத் தெரியும். சொன்னால், எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். தலைவர் கேட்பார், சரஸ்வதி கேட்பாள். பதினொரு வருசத்து முதல் பந்தியும் அத்தனை பேருக்கு முன்னால் எச்சிலிலையாகப் போய்விடும்.

"இடுப்பு முடியல" என்றார்.

உள்ளேயிருந்து மருமகன் தினுஷன் வந்தான். இருபத்தாறு வயது. கொழும்பில் கடையில் நிற்கிறவன், பிள்ளையைப் பார்க்க ஒரு கிழமை லீவில் வந்தவன். தோள்கள் நல்ல தோள்கள். மூலையில் கிடந்த அலவாங்கை எடுத்தான்.

"நீங்க இருங்க மாமா. நான் போய்த் திருப்புறன்."

"வேணாம் மாப்பிள. தனியா ஏலாது."

"அசையாட்டி வந்துர்றன். என் புள்ளதானே போவணும் அந்த வழியால." கம்சலாவைப் பார்த்துச் சொன்னான்: "புள்ளயத் துணியில கட்டி ரெடியா வை. ஒரு சத்தம் குடுக்குறன்."

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். மழைக்குள் அவன் முதுகு மறைகிறவரை சுந்தரலிங்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டிருக்கலாம். ஒரு சொல் போதும். எத்தனை மூச்சு அப்படி நின்றார் என்று அவருக்கே தெரியாது.

காம்பராவின் பின்சுவர் 'டக்' என்றது. காய்ந்த விறகு முறிகிற மாதிரி, பெரிதில்லை. கூரையிலிருந்து அரிசி விழுவது போலச் சாந்து உதிர்ந்தது. மேலே எங்கேயோ, லொறியில் கல் கொட்டுகிற உறுமல்.

சுந்தரலிங்கம் சரஸ்வதியைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்தார். கம்சலாவின் மடியிலிருந்து துணியோடு பிள்ளையை வாரினார். வெளியே வந்து ஓடினார்.

"அப்பா! பிள்ள! அய்யோ, பிள்ளயக் கொண்டு போறாரே!"

கம்சலா வெறுங்காலோடு பின்னால் ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் சரஸ்வதி, "அவ முன்னாடி கொண்டு போறானே பாவி!" என்று மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு. சாத்தின கதவுகள் திறந்தன. பிடிக்க வந்தவர்கள் பாதி, வேடிக்கைக்கு வந்தவர்கள் பாதி. அவரவர் பிள்ளையைத் தனியே விட மனமில்லாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு லயம் மொத்தமும் அவரைத் துரத்தியது. துரத்தட்டும் என்றுதான் அவர் ஓடினார். பிள்ளை அவர் நெஞ்சில் கத்திக்கொண்டே வந்தது.

மயானத்துக்குக் கீழே பாதை வளைகிற இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். மழைக்குள் வெள்ளையாக அவள். அவளுக்குப் பக்கத்தில் வளைந்து நிற்கிற ஒரு முதுகு.

"மாப்பிள! விட்டுட்டு ஓடியா! அவ திரும்பல, மண்ணு நகருது! மண்ணுதான் நகருது!"

தினுஷனின் குரல் சந்தோசமாக வந்தது. "அசையுது மாமா! லேசா அசையுது! இன்னும் கொஞ்சந்தான்!"

"விட்றா அத! இறங்கு!"

"இந்தா வந்துருச்சு மாமா!"

கம்சலா வந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். கும்பல் மோதித் தள்ளியது. நிற்க முடியவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு அந்தத் தள்ளலோடு ஓடி மதகைக் கடந்தார். கடைசியாக வந்த தலைவர், "நில்லுங்கண்ணே, என்னா பைத்தியக்கார வேல..." என்று தொடங்கி, மீதியைச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் பாதையே இல்லை.

மலை விழவில்லை, நடந்து வந்தது. மேலே தேயிலை வரிசைகள் கலையாமல், பாய் இழுபடுகிற மாதிரி, நிமிர்ந்தபடியே இறங்கி வந்தன. மயானத்தின் விளிம்பு உள்ளே போனது. வெள்ளையாக ஒன்று ஒரு தடவை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. லயத்தில் எட்டுக் காம்பராவை எடுத்துக்கொண்டு ஓடைவரை போய்த்தான் நின்றது. அதற்குப் பிறகு வந்தது மழைச் சத்தம் மட்டும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் தலைவர் மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் நாற்பத்துமூன்று. ஒரு ஆள் குறைவு.

தினுஷனை ஆறாம் நாள் ஆமிக்காரர்கள் மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். அதற்குள் கதை பதுளை டவுன் வரைக்கும் போய்விட்டது. தொரைசானி பிள்ளையைக் கேட்டாளாம், பாட்டன் அவள் கண்ணுக்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு ஓடிவிட்டானாம், பிள்ளைக்குப் பதிலாக அப்பனை எடுத்துக்கொண்டாளாம். மண்டபத்துக்குச் சாமான் பகிர வந்தவர்கள் சுந்தரலிங்கத்தின் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சோற்றுப் பார்சலை அவருக்குத்தான் முதலில் நீட்டினார்கள். அவர் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவார்.

முப்பதாம் நாள் குழந்தைக்குத் தலைமுழுக்கு. பாயில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்த கம்சலா, சாயங்காலம், யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, மண்ணுதான் நகருதுன்னு அன்னைக்குப் பாதையில நின்னு கத்துனீங்களே. அது ஒங்களுக்கு எப்பயிலருந்து தெரியும்?"

பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டது.

"அன்னைக்குக் காலையிலதாம்மா. வெடிப்பப் பாத்தப்பதான்."

அவள் தலையாட்டினாள். "அவரும் ஒங்கள மாதிரி வெடிப்பப் பாத்திருந்தா இறங்கியிருப்பாரு" என்றாள். பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டாள். நம்பிவிட்டாள்.

மூன்று வருசமாகத் தெரியும், ஆபீஸ் ஐயா முகத்துக்கு நேரே கேட்டபோதும் பொய் சொன்னேன், ஒன் புருசன் அலவாங்கை எடுத்தபோதும் வாயைத் திறக்கவில்லை. இதைச் சுந்தரலிங்கம் தன் மகளிடம் சொல்லக் கடன்பட்டிருக்கிறார். இன்னும் சொல்லவில்லை.